பீரோவில் தூங்கும் வெளிநாட்டு கார்டு... கடனா, காசா, கலைப்பொருளா?

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கட்டுமாவடி. ஊர்ப் பெயரைச் சொன்னாலே பலருக்கும் மீன் மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். இந்தக் கடலோரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சாலை நெடுகிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் இல்லாத தெரு குறைவு.

போனவர்கள் திரும்பும்போது கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் என்று பெட்டி நிறைய வரும். பர்ஸுக்குள் சத்தமில்லாமல் இன்னொன்றும் வரும். அந்த ஊர் வங்கி கொடுத்த பளபள கார்டு! இனி இங்கே அதற்கு வேலை இல்லை. தூக்கிப்போடவும் மனசு வராது. பழைய பாஸ்போர்ட்டோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விடும். பிள்ளைகள் எடுத்து 'கடை விளையாட்டு' விளையாடுவார்கள்.

இப்படிப்பட்ட கார்டுகளை டிசைனுக்காகவும் சலுகைக்காகவும் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தபால்தலை, நாணயம் சேர்ப்பது போல இதுவும் ஒரு ரசனையான பொழுதுபோக்கு. ஆனால், தபால்தலைக்கும் கார்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தபால்தலைக்குப் பின்னால் பசை மட்டும்தான் இருக்கும். கார்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும்!

1,638 கார்டு வைத்திருக்கும் இந்தியர்

அதிக எண்ணிக்கையில் செல்லுபடியாகும் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் என்று கின்னஸ் சாதனை படைத்தவர், இந்தியாவைச் சேர்ந்த மனீஷ் தமேஜா. 2021 ஏப்ரல் 30 நிலவரப்படி அவரிடம் இருந்தவை 1,638 கார்டுகள். கேஷ்பேக், ரிவார்டு பாயின்ட், விமான நிலைய லவுஞ்ச் போன்ற சலுகைகளுக்காகவே பயன்படுத்துகிறார், கடன் பாக்கி வைப்பதில்லை என்கின்றன அவரைப் பற்றிய செய்திகள்.

அவருக்கு முன்பு இந்தச் சாதனைக்குப் பெயர்போனவர், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வால்டர் கவனா. 'யார் அதிகம் கார்டு சேர்க்கிறார்களோ அவருக்கு மற்றவர் டின்னர் வாங்கித்தர வேண்டும்' என்று நண்பரோடு போட்ட பந்தயத்தில் ஆரம்பித்தவர், 1,497 கார்டுகளில் போய் நின்றார். அத்தனையையும் வைக்க அவர் செய்துகொண்ட பர்ஸின் நீளம் 250 அடி!

படிக்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் 1,638 கார்டு என்றால், 1,638 பில் தேதிகள் இருக்கலாம். ஒன்றை மறந்தாலும் அபராதம்தான். நம்மில் பலருக்கு இரண்டு கார்டின் தேதியை நினைவில் வைப்பதே பெரும்பாடு.

கார்டைப் பார்த்தே கதை சொல்லலாம்

சேகரிப்பவர்களின் கண்ணில் ஒவ்வொரு கார்டும் ஒரு காலக்கண்ணாடி. உங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துவைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அளவு. எந்த நாட்டு வங்கி கார்டாக இருந்தாலும் 85.6 மில்லிமீட்டர் நீளம், சுமார் 54 மில்லிமீட்டர் அகலம்தான். இது சர்வதேசத் தரம். நம் பான் கார்டும் இதே அளவுதான்.

அடுத்து, முதல் எண். 4-ல் தொடங்கினால் விசா. 5 அல்லது 2 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்டு. 3 என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப் அல்லது ஜப்பானின் ஜேசிபி.

எண்கள் புடைத்துக்கொண்டிருக்கின்றனவா? அது பழைய காலத்து அடையாளம். அப்போது கடைகளில் ஸ்வைப் மெஷின் கிடையாது. கார்டை ஒரு சின்னக் கருவியில் வைத்து, மேலே கார்பன் தாள் போட்டு 'சரக்'கென்று இழுப்பார்கள். புடைத்த எண்கள் தாளில் பதியும். இன்றைய புதிய கார்டுகள் பலவற்றில் எண்கள் வழவழப்பாக அச்சாகின்றன. சிலவற்றில் முன்பக்கம் எண்ணே இருக்காது.

மின்னும் ஹாலோகிராம், போலிகளைத் தடுக்க 1980-களில் வந்தது. விசாவின் பறக்கும் புறாவைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

பெயரை வைத்தும் வயதைச் சொல்லலாம். விசா என்ற பெயர் வந்தது 1976-ல். அதற்கு முன் அது 'பேங்க்அமெரிக்கார்டு'. 1979 வரை மாஸ்டர்கார்டின் பெயர் 'மாஸ்டர் சார்ஜ்'. இந்தப் பழைய பெயர்கள் உள்ள கார்டுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு.

இன்னும் பின்னால் போனால், 1950-ல் நியூயார்க்கில் பிறந்த டைனர்ஸ் கிளப் கார்டு. அது பிளாஸ்டிக்கே அல்ல, வெறும் அட்டை! 1958-ல் வந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டும் காகித அட்டைதான். அடுத்த ஆண்டே பிளாஸ்டிக்குக்கு மாறியது. இந்தியாவில் 1961-லேயே டைனர்ஸ் கிளப் நுழைந்துவிட்டது. நம் வங்கிகளில் முதலில் கிரெடிட் கார்டு தந்தது சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா, 1980-ல்.

டிசைனிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குணம். ஜப்பானில் பெரியவர்களின் பர்ஸில்கூட டிஸ்னி, பாண்டா கரடி படம் போட்ட கார்டுகளைப் பார்க்கலாம். பிரிட்டனில் சில புதிய வங்கிகள் கார்டை நெட்டுவாக்கில் வடிவமைத்தன. எல்லாவற்றையும்விட மனதைத் தொடும் டிசைன், 2021-ல் மாஸ்டர்கார்டு அறிவித்தது. கிரெடிட் கார்டின் விளிம்பில் வட்டமான வெட்டு, டெபிட் கார்டில் சதுர வெட்டு, ப்ரீபெய்டு கார்டில் முக்கோண வெட்டு. பார்வையற்றவர்கள் விரலால் தடவியே எது என்ன கார்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

சலுகைக்குப் பணம் யார் தருகிறார்கள்?

லவுஞ்சில் இலவசச் சாப்பாடு, விமான டிக்கெட்டுக்குப் பாயின்ட், சினிமாவுக்கு ஒன்று வாங்கினால் ஒன்று... வங்கி ஏன் இவ்வளவு தாராளம் காட்டுகிறது?

மூன்று வழிகளில் பணம் வருகிறது. நீங்கள் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு சதவிகிதத்தைக் கமிஷனாக விட்டுக்கொடுக்கிறார். கார்டு வைத்திருப்பவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். முழுத் தொகையைக் கட்டாதவர்கள் வட்டி கட்டுகிறார்கள். ஒருவர் கட்டும் வட்டியும் இன்னொருவரின் லவுஞ்ச் இட்லிக்குப் போகிறது!

இந்திய கார்டுகள் பலவற்றில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவிகிதத்தை ஒட்டி இருக்கிறது. கேட்க சின்ன எண்தான். 1 லட்ச ரூபாய் பாக்கியை ஓராண்டு கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து சுமார் 1,51,000 ரூபாய் ஆகிவிடும். தாமதக் கட்டணமும் ஜி.எஸ்.டி-யும் தனி.

இந்திய கார்டை வெளிநாட்டில் தேய்த்தாலும் கவனம் தேவை. பல கார்டுகளில் 3.5 சதவிகிதம் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கொழும்பில் 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் கூடுதலாக 413 ரூபாய் போகும். 'இந்திய ரூபாயில் பில் போடட்டுமா?' என்று கடைக்காரர் கேட்டால், 'உங்கள் ஊர்ப் பணத்திலேயே போடுங்கள்' என்று சொல்வதுதான் பொதுவாக லாபம்.

காலாவதியானது கார்டா, கணக்கா?

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீடுகளில் அவசியம் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

'கார்டில் தேதி முடிந்துவிட்டது, அதனால் ஒன்றும் இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். முடிவது பிளாஸ்டிக்கின் ஆயுள் மட்டுமே. முறைப்படி எழுதிக்கொடுத்து மூடும்வரை கணக்கு உயிரோடுதான் இருக்கும். ஆண்டுக் கட்டணம் ஏறலாம். அதற்கு வட்டி ஏறலாம். வேலை போய் அவசரமாக ஊர் திரும்பியவரின் சின்னப் பாக்கி, சில ஆண்டுகளில் பெரிய தொகையாக நிற்கலாம்.

'கடல் தாண்டி வந்து யார் கேட்கப்போகிறார்கள்?' என்ற தைரியமும் இனி உதவாது. 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஐக்கிய அரபு அமீரகத்தின் குறிப்பிட்ட நீதிமன்றங்கள் பணம் கட்டச் சொல்லித் தரும் தீர்ப்பை, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 44ஏ-யின் கீழ் நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் அதற்கு முன்பே இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அமீரகத்தில் கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையும் நினைவில் இருக்கட்டும். 2022 ஜனவரி முதல், பணம் இல்லாமல் காசோலை திரும்புவது, மோசடி இல்லாத பட்சத்தில், அங்கே கிரிமினல் குற்றம் அல்ல. ஆனால் பணத்தை வசூலிக்க வங்கி சிவில் நீதிமன்றம் போகலாம். பயணத் தடையும் வரலாம். மறுபடி அங்கே வேலைக்குக் கிளம்புவதாக இருந்தால், விசாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. எமிரேட்ஸ் ஐடி எண் இருந்தால், துபாய் போலீஸ் இணையதளத்தில் பண வழக்கு இருக்கிறதா என்று தேடலாம்.

நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளித்துவைக்க வேண்டாம். சம்மன் முறையாகக் கொடுக்காமல், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் வாங்கிய தீர்ப்பை எதிர்த்து வாதாட நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெண்கள், வருமானம் குறைந்தவர்கள் உள்ளிட்டோருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. உதவி எண்: 15100.

'உங்கள் துபாய் பாக்கியை செட்டில் செய்கிறோம்' என்று போனில் மிரட்டுபவர்களிடம் உடனே பணம் அனுப்பாதீர்கள். எழுத்தில் கணக்கு விவரம் கேளுங்கள். வங்கியின் இணையதளத்தில் உள்ள எண்ணில் நேரடியாகச் சரிபாருங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது.

கடன் மட்டுமா? காசும் இருக்கலாம்!

பீரோவில் இருப்பது கிரெடிட் கார்டுதானா என்று முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் கிரெடிட் கார்டு வாங்கவே பொதுவாக ஆண்டுக்கு 30,000 வெள்ளி வருமானம் வேண்டும். வெளிநாட்டினருக்குப் பல வங்கிகள் அதற்கும் மேல் கேட்கின்றன. எனவே, தொழிலாளர்கள் கொண்டுவந்த கார்டுகளில் பல சம்பளக் கணக்கின் டெபிட் கார்டாகவே இருக்கும்.

அப்படியானால் விஷயம் தலைகீழ். அந்தக் கணக்கில் கடைசி மாதச் சம்பளத்தின் மிச்சம் கிடக்கலாம். மலேசியாவில் 7 ஆண்டுகள் பரிவர்த்தனை இல்லாத கணக்கின் பணம், அரசின் உரிமை கோரப்படாத பணத்துக்கான பதிவாளரிடம் போய்விடும். 'இகுமிஸ்' என்ற அரசுத் தளத்தில் தேடி, உரியவரோ வாரிசோ கோரலாம். இந்திய வங்கிகளில் 10 ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைத் தேட, ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளம் 2023 முதல் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார் என்றால், அவர் விட்டுப்போன அந்தப் பழைய கார்டுதான் எந்த வங்கியில் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரே துப்பாக இருக்கும். விவரம் தெரியாமல் வெட்டிப்போட்டுவிடாதீர்கள்.

ஆல்பத்தில் வைக்கும் முன்...

* வங்கிக்கு எழுதி, பாக்கி இருந்தால் தீர்த்து, கணக்கை மூடுங்கள். 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஊருக்குக் கிளம்பும் முன்பே ஆரம்பிப்பது உத்தமம்.

* இந்திய கிரெடிட் கார்டு என்றால், பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாள்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

* மூடிய பிறகு சிப்பில் ஓட்டை போடுங்கள். பின்பக்கக் கறுப்புப் பட்டையைக் குறுக்கே வெட்டுங்கள். முன்பக்க டிசைன் அப்படியே இருக்கும்.

* வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாவிலோ படம் போடுவதாக இருந்தால் எண், பெயர், தேதி, சிவிவி நான்கையும் மறையுங்கள்.

* மற்றவரின் பழைய கார்டை விலைக்கு வாங்கிச் சேர்ப்பவர்கள், செயலிழக்கச் செய்த கார்டை மட்டுமே வாங்குங்கள்.

* பிள்ளைகளுக்கு இந்த ஆர்வம் வந்தால் பயணக் கார்டுகளில் தொடங்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் ஈஸி-லிங்க், மலேசியாவின் டச் அண்ட் கோ, துபாயின் நோல், நம்ம ஊர் சிங்காரச் சென்னை கார்டு என்று அழகுக்குக் குறைவில்லை. ப்ரீபெய்டு பயணக் கார்டில் கடன் ஏறாது. மிச்சக் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சேகரிக்க இதுவே நல்ல நேரமும்கூட. 2033-க்குள் தன் கிரெடிட், டெபிட் கார்டுகள் எதிலும் அந்தக் கறுப்புக் காந்தப் பட்டை இருக்காது என்று மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது. புடைத்த எண்ணும் கறுப்புப் பட்டையும் உள்ள கார்டு, நம் பேரப்பிள்ளைகளுக்கு அணா, பைசா மாதிரி அதிசயமாகத் தெரியப்போகிறது. இன்றைக்கே பீரோவைத் திறந்து, வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்... 'இதோட கணக்கை மூடியாச்சா?'