உடும்புக் குஞ்சு வளர்க்கலாமா?

கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் காவல் நிற்க, இடையே ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது பெரியகல்லாறு. இவ்வூரிலும் அயலூர்களிலும் வளர்ந்த சிறுவர்களுக்கு உடும்பு புதிய பிராணி அன்று. வாவிக்கரைக் கண்டற்காடு, கறையான் புற்று, வேலியோரம், கிணற்றடி எனப் பல இடங்களிலும் அதனைக் காணலாம். மழை விட்ட காலைப்பொழுதொன்றில், புள்ளிகள் மின்னும் குஞ்சொன்று வேலியடியில் வந்து நின்றால், அதனைப் பிடித்து வளர்க்கும் ஆசை எந்தப் பிள்ளைக்குத்தான் பிறவாது?

நமக்கும் பிறந்தது. நமது சிறு பராயத்தில் அத்தகைய குஞ்சொன்றைப் பிடித்து, பிஸ்கட் தகரமொன்றில் இட்டு, மூடியில் ஆணியால் துளைகள் இட்டு, வீட்டினுள்ளே நிழலான மூலையில் வைத்தோம். பாலும் சோறும் கொடுத்தோம், அது தீண்டவில்லை. வெட்டுக்கிளியை ஆவலோடு விழுங்கிற்று; ஆயினும் நாளுக்கு நாள் சோர்ந்தே போயிற்று. “மனே, அது பால் குடிக்கிற சாதியா? வெயில் காயிற சாதி. புற்றடியில விட்டுட்டு வா” என்றார் பெத்தா. நாம் கேட்கவில்லை. பதினோராம் நாட் காலையில் தகரத்தைத் திறந்தபோது அது அசையவில்லை.

பெத்தா சொன்னதன் உண்மை பின்னரே நமக்கு விளங்கிற்று. நமது உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. உடும்போ அதனை வெயிலிடமிருந்து பெறவேண்டும். காலையில் அது வெயில் காய்வது சோம்பலால் அன்று. உடல் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே சுறுசுறுப்பாக இரை தேட இயலும். சூடேறாத உடலில் உண்டதும் செமியாது. மேலும், சூரிய ஒளியின் துணையின்றி விற்றமின் ‘டி’ போதிய அளவு உண்டாகாமற் போக, சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேராது. எலும்புகள் மென்மையுற்று வளையும். நிழலில் வைத்த தகரப் பெட்டி அதற்கு வீடு அன்று, சிறையேயாகும்.

“சிறிய உடும்புதானே?” என்று கேட்பவர் உண்டு. சிறிய உடும்பினங்கள் உலகில் இல்லாமல் இல்லை. அவுஸ்திரேலியாவிலே ஏறக்குறைய ஒரு சாணளவோடு வளர்ச்சி நின்றுவிடும் இனமொன்று வாழ்கிறது. மேல்நாடுகளில் சிலர் அந்நாட்டுச் சிற்றினங்களைக் கண்ணாடிக் கூண்டுகளில், வெப்ப விளக்கும் ஒளி விளக்கும் பொருத்தி வளர்க்கின்றனர். நம் நாட்டு உடும்புகள் அத்தகையன அல்ல. இங்கு சிறிதாகக் காணப்படுவது சிற்றினம் அன்று, பேரினத்தின் குழந்தை.

இலங்கையில் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்று, சிங்களத்தில் ‘தலகொயா’ எனப்படும் நில உடும்பு. ஐந்தடிக்கு மேலும் வளரும். மற்றொன்று ‘கபரகொயா’ எனப்படும் நீர் உடும்பு. கண்டியில் அளக்கப்பட்ட ஒன்று பத்தடிக்கும் மேல் நீண்டிருந்தது. மாணவர்கள் இவற்றை மூக்கைக் கொண்டு பிரித்தறியலாம்: நீர் உடும்பின் நாசித்துளை மூஞ்சியின் நுனிக்கு அருகே இருக்கும், நில உடும்பினது கண்ணுக்கும் நுனிக்கும் இடையே ஒரு கீறல்போல் இருக்கும். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறியுள்ளார். தன்னை நெருங்கும் நாய்களை நீர் உடும்பு சாட்டைபோன்ற வாலால் அடித்து ஓட்டுவதையும் அவர் குறித்திருக்கின்றார். அந்த வாலும், மரமேறும் கூரிய நகங்களும், கடித்ததை எளிதில் விடாத தாடையும் வீட்டினுள்ளே, சிறு பிள்ளைகளிடையே வளர்வதை எண்ணிப் பாருங்கள்!

“உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்” என்பது நம் முன்னோர் பழமொழி. ஆசையோடு பிடிப்பது எளிது. பிடித்தபின் மீள்வதே அரிது. பெட்டியிலே வளர்ந்ததைப் பிற்காலத்திற் காட்டில் விட்டாலும், இரை தேடவும் நாயையும் மனிதரையும் கண்டு ஒதுங்கவும் பழகாத அது பிழைப்பது ஐயமே.

சட்டமும் இதற்கு இடங்கொடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிற்காலத் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி இரு இனங்களும் காக்கப்பட்டவை. அனுமதியின்றிப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் குற்றமாகும். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கின்றது.

கோழி முட்டையைக் களவாடுகிறதே என்று வீட்டுப் பெண்கள் குறைகூறுவர்; அக்குறை மெய்யே. அடைக்கோழியின் கூட்டை இறுக மூடி வைத்தால் அது தீரும். மறுபுறம், எலியையும் நண்டையும் பூச்சிகளையும் தின்பதும், அழுகிக் கிடக்கும் பிணங்களைத் தின்று சூழலைத் துப்புரவாக்குவதும் உடும்பே.

ஆகவே, பிள்ளைகள் குஞ்சொன்றைக் கண்டு ஓடிவந்து கேட்டால், வெறுமனே அதட்டி அனுப்பாதீர்கள். சற்றுத் தொலைவில் அவர்களோடு அமருங்கள். பிளவுண்ட நாவை நீட்டி நீட்டி அது காற்றில் மணம் அறிவதைக் காட்டுங்கள். எந்நேரம் வெயில் காய்ந்தது, என்ன இரை பிடித்தது, எப்புற்றினுள் நுழைந்தது என்பவற்றைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நாம் பதினொரு நாள் தகரத்தில் வைத்திருந்தும் அறியாதவற்றை, அவர்கள் ஒரு காலைப்பொழுதிலேயே அறிந்துகொள்வார்கள். குஞ்சும் தன் புற்றுக்கு உயிரோடு திரும்பும்.