ஆப்பிரிக்கக் கதைகளில் அன்பும் சிலுவையும்

ஆப்பிரிக்கா என்றவுடன் காடும் சிங்கமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அக்கண்டத்து நாவல்களைப் படித்தால், நாம் சொல்லும் செபங்களும் திருப்பலியும் செபமாலையும் அங்கும் உண்டு என்று அறிவோம். கூடவே ஒரு கேள்வியும் எழும்: அன்பில்லாத இடத்தில் விசுவாசம் வாழுமா?

நைஜீரியரான சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட ‘திங்ஸ் ஃபால் அப்பார்ட்’ நாவலில் நுவோயே என்னும் சிறுவன் வருகிறான். அவன் வீட்டில் மூன்றாண்டுகள் அண்ணனைப் போல் வாழ்ந்த இக்கெமெஃபுனாவை ஊரார் கொன்றுவிடுகின்றனர். காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகுரலையும் அவன் கேட்டிருக்கிறான். மூவொரு கடவுளைப் பற்றிய போதனை அவனுக்குப் புரியவில்லை. மறைபோதகர்களின் பாட்டே அவன் புண்பட்ட நெஞ்சுக்கு மருந்தாகிறது. ஆனால் புதிய மதத்தின் வருகையால் குடும்பமும் குலமும் பிளவுபட்டதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

தென்னாப்பிரிக்கரான ஆலன் பேட்டனின் ‘க்ரை, த பிலவ்ட் கன்ட்ரி’ 1948-இல் வெளிவந்தது. ஸ்டீபன் குமாலோ ஓர் ஏழை ஆங்கிலிக்கன் குரு. மகனைத் தேடி ஜோகன்னஸ்பர்க் நகருக்குச் செல்கிறார். மகனோ திருடப் புகுந்த வீட்டில் ஒரு வெள்ளையரைச் சுட்டுக் கொன்றுவிட்டான்! இறந்தவரின் தந்தை ஜார்விஸ், குமாலோவின் ஊருக்கு மேலேயுள்ள பண்ணையின் சொந்தக்காரர். இனி இருவரும் பகைவரே என்றுதானே நினைப்போம்? ஆனால் ஜார்விஸ், அவ்வூர்க் குழந்தைகள் பாலின்றி வாடுவதை அறிந்து பால் அனுப்புகிறார். மகன் தூக்கிலிடப்படும் வேளையில் குமாலோ தனியே மலைமேல் செபித்துக்கொண்டிருக்கிறார். கெத்செமனித் தோட்டம் நம் கண்முன் வருகிறது.

எங்களை மிகவும் கலங்கவைத்தது சிமமாண்டா என்கோசி அடிச்சி 2003-இல் வெளியிட்ட ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’. கதை சொல்லும் கம்பிலிக்கு எங்கள் வயதுதான், 15. தந்தை யூஜீன் பக்திமிக்க கத்தோலிக்கர். ஏழைகளுக்கு வாரி வழங்குபவர். ஆனால் வீட்டில் பிள்ளைகள் அவரைக் கண்டு நடுங்குவர். மதம் மாறாத தாத்தாவோடு ஒரே வீட்டில் தங்கியதை மறைத்ததற்காக, மகளின் பாதங்களில் வெந்நீரை ஊற்றுகிறார். அது அவளுடைய நன்மைக்கே என்று நம்புகிறார்!

அத்தை இஃபியோமாவின் வீட்டிலும் செபமாலை உண்டு. அங்கே பணம் குறைவு. பாட்டும் சிரிப்பும் மிகுதி. அங்கு ஒரு விடியற்காலையில் தாத்தா தம் முறைப்படி வேண்டுவதைக் கம்பிலி பார்க்கிறாள். தம்மை ஒதுக்கிய மகனுக்காகவும் அவர் நலம் கேட்கிறார். ‘அஞ்ஞானி’ என்று தள்ளப்பட்ட முதியவரிடம் எத்தனை பெரிய அன்பு!

துன்பமெல்லாம் சிலுவை ஆகிவிடாது. பிறருக்காக நாம் விரும்பி ஏற்கும் துன்பமே சிலுவை. பிறர்மேல் நாம் சுமத்தும் துன்பம், கடவுளின் பெயரால் சுமத்தினாலும், பாவமே. செபமாலை முடிந்தவுடன் தங்கையிடம் எரிந்து விழும் நமக்கும், வேற்றுச் சமயத் தோழியை மனத்துக்குள் தாழ்வாக எண்ணும் நமக்கும் இது பாடமல்லவா?

தோழியரே, விடுமுறையில் இந்நூல்களைப் படியுங்கள். நம் செபத்தில் அன்பு இருக்கிறதா என்று அவை நம்மைக் கேட்கும்.