வயல் நகரத்தின் வெள்ளைச் சட்டையினர்

பெரும்புகழ் பெருநகரங்களுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். பணமும் மக்கள் தொகையும் எங்கே மிகுந்துள்ளனவோ அங்கேதான் வெற்றியும் குடிபுகும் என்பர். இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. முற்றிலும் மெய்யும் அன்று. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கவல்லது, இத்தாலி நாட்டின் வெர்செல்லி என்னும் சிறு நகரத்துக் கால்பந்துக் கழகத்தின் வரலாறு. அதனை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயன் தரும் எனக் கருதி ஈண்டுக் கூறுகின்றோம்.

வடஇத்தாலியில் தூரின், மிலான் என்னும் இரு தொழில் நகரங்களுக்கு இடையே, சேசியா ஆற்றின் கரையில் அமைந்துள்ளது வெர்செல்லி. இன்றும் அதன் மக்கள் தொகை ஐம்பதாயிரத்தை எட்டவில்லை. சுற்றிலும் நெல் வயல்கள். 1866-ஆம் ஆண்டில் முடிவுற்ற கவூர் கால்வாய் எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி அவ்வயல்களுக்கு நீரூட்டுகிறது. முழங்காலளவு நீரில் குனிந்து நின்று களை பறித்த பெண்கள், 1906-ஆம் ஆண்டில் ஒன்றுபட்டுப் போராடி, எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றதும் இவ்வட்டாரத்திலேதான். உழைப்பும் ஒற்றுமையும் அம்மண்ணுக்குப் புதியவை அல்ல.

1892-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் ஓர் உடற்பயிற்சிச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ப்ரோ வெர்செல்லி’. ‘வெர்செல்லியின் பொருட்டு’ என்பது அதன் பொருள். 1903-ஆம் ஆண்டில் மார்செல்லோ பெர்த்தினெத்தி என்னும் இளைஞர் அச்சங்கத்தில் கால்பந்துப் பிரிவைத் தொடங்கினார். பின்னாளில் மருத்துவராக விளங்கிய இவர், வாட்போரில் ஒலிம்பிக் பதக்கங்களும் வென்றவர்.

அக்காலத்தில் இத்தாலியப் பெருநகரக் கழகங்கள் பலவற்றில் ஆங்கிலேயரும் சுவிட்சர்லாந்து நாட்டினரும் ஆடி வந்தனர். வெர்செல்லியோ தன் ஊர்ப் பிள்ளைகளையே நம்பியது. அவர்கள் ஊதியம் பெறாதவர்கள். உடற்பயிற்சிச் சங்கத்தில் உரமேறிய உடலும், நாள்தோறும் சேர்ந்து பழகியதால் விளைந்த ஒத்திசைவுமே அவர்களுடைய மூலதனம். 1908-ஆம் ஆண்டில் அவர்கள் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றனர். வெளிநாட்டாருக்குத் தடை விதிக்கப்பட்டதால் பெரிய கழகங்கள் சில அவ்வாண்டு விலகி நின்றன. அதனால் அவ்வெற்றியைச் சிலர் குறைத்துப் பேசியிருக்கலாம். ஆயின் மறு ஆண்டு வெளிநாட்டார் ஆடிய போட்டியிலும் வெள்ளைச் சட்டையினரே வாகை சூடினர்.

1910-ஆம் ஆண்டில் மிலான் நகரத்து இன்டர் கழகமும் இவர்களும் சம நிலையில் நின்றமையால், பட்டத்துக்கென ஒரு தனி ஆட்டம் குறிக்கப்பட்டது. தங்கள் ஆட்டக்காரருள் சிலர் வேறு போட்டிக்குச் செல்ல வேண்டியிருந்ததால், நாளை மாற்றுமாறு வெர்செல்லியார் வேண்டினர், வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அவர்கள் மறுப்பைக் காட்டச் சிறுவர் அணியைக் களத்தில் இறக்கினர். 10-3 என்ற கணக்கில் இன்டர் வென்றது. சம்மேளனம் வெர்செல்லியைத் தண்டித்தது. எனினும் 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் மீண்டும் வயல் நகரத்துக்கே வந்தது. 1913 மே முதல் நாளன்று பெல்ஜியத்தை வென்ற இத்தாலிய அணியின் பதினொருவரில் ஒன்பதின்மர் இக்கழகத்தவர் என்றால், அதன் சிறப்பை வேறு சொற்களால் விளக்க வேண்டுவதில்லை. உலகப் போருக்குப் பின்னர் 1921, 1922 ஆகிய ஆண்டுகளில் பெற்ற வெற்றிகளுடன் பட்டங்கள் ஏழாயின.

அதன் பிறகு காலம் மாறியது. 1923-ஆம் ஆண்டில் கழகத்தின் சிறந்த தற்காப்பாளரான விர்ஜீனியோ ரோசெத்தா, தூரின் நகரத்து யுவென்டஸ் கழகத்துக்குச் சென்றார். அக்கழகத்தின் தலைமையில் அப்போது இருந்தது ஃபியட் மோட்டார் ஆலையின் அக்னெல்லி குடும்பம். இம்மாற்றம் பெரும் வழக்காகி, அவர் ஆடிய ஆட்டங்களின் வெற்றிப் புள்ளிகளை யுவென்டஸ் இழக்க நேர்ந்தது. ஆயினும் திறந்த கதவு மூடவில்லை. 1926-ஆம் ஆண்டின் புதிய விதிகள், ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்வதற்கு வழி வகுத்தன.

வெர்செல்லி அதற்குப் பின்னும் வீரர்களை வளர்ப்பதை விடவில்லை. சில்வியோ பியோலா தம் பதினாறாம் வயதில், 1930-ஆம் ஆண்டில், அதன் முதல் அணியில் ஆடினார். 1933-ஆம் ஆண்டில் ஃபியோரென்டினா கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்கள் அடித்தார். மறு ஆண்டு அவரும் ரோம் நகரத்து லாசியோ கழகத்துக்குச் சென்றார். 1935-ஆம் ஆண்டில் வெர்செல்லி முதற் பிரிவிலிருந்து இறங்கியது. இன்றுவரை அங்கே திரும்பவில்லை. பியோலாவோ 1938-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரு கோல்கள் அடித்தார். இத்தாலிய முதற் பிரிவில் அவர் அடித்த 274 கோல்கள் இன்னும் முறியடிக்கப்படாத சாதனை. வெர்செல்லியின் ஆடுகளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ரோசெத்தாவையோ பியோலாவையோ நன்றி மறந்தவர் எனக் கூற நாம் துணியோம். உழைப்பவன் தன் திறமைக்குரிய பயனை நாடுதல் குற்றமன்று. பெருமை ஒருவனைச் சங்கத்துக்குள் அழைத்து வரும். அவன் குடும்பத்தை அதனால் மட்டும் காப்பாற்ற இயலாது. ஆட்களை உருவாக்கும் கலையில் அக்கழகம் தலைசிறந்து நின்றது. உருவானவர் ஊரிலேயே வாழ்வதற்கான பொருள்வலிமையைத் தேடுவதில் அது பின்தங்கிவிட்டது. நல்ல தறிகாரனையும் நல்ல விவசாயியையும் பயிற்றுவித்து, பின்னர் அவனைப் பட்டணத்துக்கு வழியனுப்பும் சங்கங்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

1948-க்குப் பிறகு இரண்டாம் பிரிவிலும் இடமின்றித் தவித்த கழகம், 2010-ஆம் ஆண்டில் பணமுடையால் நின்றே போகும் நிலையை அடைந்தது. அப்போது அதே நகரத்தின் மற்றொரு கழகம், தன் பெயரைத் துறந்து, ‘ப்ரோ வெர்செல்லி’ என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 2012-இல், அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. 2018-இல் மீண்டும் இறங்கியது உண்மையே. ஆனால் ஊரின் பொருட்டு எனத் தொடங்கிய ஒரு பெயரை அழியவிடாமல் போட்டியாளரே தாங்கிப் பிடித்தனர் அன்றோ? பொதுச் சொத்து என்பதன் பொருள் இதுவே என்போம்.