எழுதுவது எந்திரம், பதில் சொல்வது யார்?

"ஏ.ஐ." காலத்தில் கம்பெனி அதிபர்கள் போடும் தப்புக் கணக்கு

அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்று ஒரு தொழில் அதிபர் இருக்கிறார். சாப்ட்வேர் தொழிலில் பழுத்த அனுபவம் உள்ளவர். அவர் மற்றவர்களுடன் சேர்ந்து தொடங்கிய ஒரு கம்பெனியை, "அடோபி" என்ற பெரிய கம்பெனி 2011-ம் ஆண்டில் விலைக்கு வாங்கியது.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் அவர் ஒரு சோதனையில் இறங்கினார்.

புரோகிராமர் யாரும் இல்லாமலே ஒரு சாப்ட்வேரை உருவாக்க வேண்டும். அதுதான் சோதனை. "ரெப்ளிட்" என்ற கம்பெனியின் ஏ.ஐ. எந்திரத்தோடு அவர் பேசிப் பேசியே வேலை வாங்கினார்.

முதல் சில நாட்கள் ஒரே ஆனந்தம்! இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும். எந்திரம் மளமளவென்று எழுதித் தள்ளியது.

ஒன்பதாம் நாள் வந்தது.

புரோகிராமில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று அவர் எந்திரத்துக்குக் கட்டளை போட்டிருந்தார். எந்திரம் அதை மீறியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிகாரிகளையும் கம்பெனிகளையும் பற்றிய தகவல் களஞ்சியத்தை ஒரேயடியாக அழித்துவிட்டது!

போனதைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டார் லெம்கின். முடியாது என்றது எந்திரம்.

அதுவும் தப்பு! லெம்கின் தாமே முயன்று பார்த்தார். தகவல்கள் திரும்பக் கிடைத்தன.

ரெப்ளிட் கம்பெனியின் தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சோதனைக்கு உரிய தகவல் வேறு, உண்மையான தகவல் வேறு என்று பிரித்து வைக்க ஏற்பாடு செய்வதாகவும் அறிவித்தார்.

இப்படிப் பிரித்து வைப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அனுபவமுள்ள ஒரு புரோகிராமர் வேலையைத் தொடங்கும் முன்பே செய்துவிடும் காரியம் அது.

புரோகிராம் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரி வரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புதான் புரோகிராம். எழுதுகிறவர் புரோகிராமர்.

பாங்கியில் பணம் எடுக்கிறோம். செல்போனில் மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் பின்னால் லட்சக்கணக்கான கட்டளை வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வரிகளை எழுத இப்போது எந்திரமே வந்துவிட்டது. அதுதான் ஏ.ஐ. என்னும் செயற்கை நுண்ணறிவு. 2021-ம் ஆண்டில் "கிட்ஹப் கோபைலட்" என்ற கருவி வெளிவந்தது. ஆரம்பத்தில் அது புரோகிராமருக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது. பிறகு வந்த எந்திரங்கள் முழுப் புரோகிராமையும் எழுதத் தொடங்கின.

அதிபர்களின் கணக்கு

இதைப் பார்த்த கம்பெனித் தலைவர்களுக்கு உற்சாகம் பொங்கியது.

ஏ.ஐ.க்கு வேண்டிய சில்லுகளை விற்கும் "என்விடியா" கம்பெனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் துபாயில் பேசினார். இனிக் குழந்தைகள் புரோகிராம் எழுதக் கற்க வேண்டிய அவசியம் இருக்காது என்ற பொருளில் அவர் சொன்னது உலகம் முழுவதும் பரவியது.

அதே ஆண்டு அக்டோபரில், மதுரையில் பிறந்த "கூகுள்" தலைவர் சுந்தர் பிச்சை ஒரு விவரம் சொன்னார். கூகுளில் புதிதாக எழுதப்படும் வரிகளில் 4-ல் ஒரு பங்குக்கு மேல் ஏ.ஐ. எழுதுகிறது என்றார்.

2025-ம் ஆண்டு ஏப்ரலில், கனடா நாட்டு "ஷாப்பிபை" கம்பெனியின் தலைவர் தமது ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். புதிதாக ஆள் வேண்டும் என்று கேட்பவர்கள், அந்த வேலையை ஏ.ஐ. செய்ய முடியாது என்பதை முதலில் காட்ட வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் படித்த சிறிய கம்பெனி அதிபர்கள் என்ன நினைப்பார்கள்? பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவார்கள்.

"நம்மிடம் 100 புரோகிராமர்கள். 4-ல் ஒரு பங்கை எந்திரம் எழுதுகிறது. அப்படியானால் 25 பேருக்குச் சம்பளம் மிச்சம்!"

கணக்கு சரிபோலத் தோன்றுகிறது. ஆனால் அதில் பெரிய ஓட்டை இருக்கிறது.

சுந்தர் பிச்சை சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு. ஏ.ஐ. எழுதியதை என்ஜினீயர்கள் பரிசோதித்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். முதல் பாதி ஊரெல்லாம் பரவியது. இரண்டாம் பாதி பலர் காதில் விழவில்லை!

ஒரு டிக்கெட், இரண்டு பேர்

புரோகிராமரின் வேலை எழுதுவது மட்டும்தானா? ஓர் உதாரணம் பார்ப்போம்.

ரெயில் டிக்கெட் விற்க ஒரு புரோகிராம் வேண்டும். ஊர் பெயர், தேதி, பணம், டிக்கெட். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஏ.ஐ.யிடம் சொன்னால் சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடும்.

ஆனால் கடைசியாக ஒரே ஓர் இடம்தான் பாக்கி. மதுரையில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இடம் யாருக்கு?

பணம் பாங்கியிலிருந்து போய்விட்டது. டிக்கெட் வருவதற்குள் "நெட்" நின்றுவிட்டது. பணம் திரும்புமா? எத்தனை நாளில்?

ரெயில் ரத்து ஆகிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு என்ன பதில்?

கண் தெரியாதவர் எப்படி டிக்கெட் எடுப்பார்?

இந்தக் கேள்விகளை யோசித்துப் பார்ப்பதும், பல பேரிடம் கேட்டு முடிவு செய்வதும், எழுதியதைச் சோதிப்பதும், இரவு 2 மணிக்குக் கோளாறு வந்தால் எழுந்து சரிசெய்வதும் புரோகிராமரின் வேலைகள்தான். வரி எழுதுவது அதில் ஒரு பகுதி.

அதிபரின் மேஜையில் இருந்து பார்த்தால் எழுதுவது மட்டுமே தெரிகிறது. மற்றவை தெரிவதில்லை. தப்புக் கணக்கு பிறக்கும் இடம் இதுவே.

மாவும் கிரைண்டரும்

வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆட்டுக்கல் இருந்த காலத்தில் இட்லிக்கு மாவு ஆட்டுவது பெரும்பாடு. கிரைண்டர் வந்தது. அந்தப் பாடு குறைந்தது.

ஆனால் அரிசியும் உளுந்தும் ஊற வேண்டிய நேரம் குறைந்ததா? மாவு புளிக்க வேண்டிய நேரம் குறைந்ததா? இல்லை! நாலு கிரைண்டர் வாங்கி வைத்தாலும் புளிக்காத மாவில் இட்லி கல்லாகத்தான் இருக்கும்.

அரைப்பது மட்டுமே சமையல் என்று நினைக்கும் வீட்டுக்காரர்தான், கிரைண்டர் வாங்கிக் கொடுத்த மறு நிமிடம் இட்லி கேட்பார்!

70 ஆண்டு ஆசை

புரோகிராமர் இல்லாமலே புரோகிராம் வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று வந்தது அல்ல.

1954-ம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியில் "போர்ட்ரான்" என்ற கம்ப்யூட்டர் மொழிக்குத் திட்டம் தீட்டினார்கள். அது வந்தால் வரி வரியாக எழுதும் தொல்லையும் பிழை திருத்தும் தொல்லையும் அநேகமாக ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 1957-ல் போர்ட்ரான் வந்தது. வேலை சுலபம் ஆனது உண்மை. பிழை ஒழியவில்லை!

அடுத்து "கோபால்" என்ற மொழி வந்தது. ஆங்கிலம் போலவே இருக்கும். மானேஜர்களே படித்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் அதை எழுதவும் புரோகிராமர்கள்தான் தேவைப்பட்டார்கள்.

எழுதுவது சுலபம் ஆக ஆக, இன்னும் பெரிய காரியங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள். புரோகிராமர்களின் எண்ணிக்கை பெருகியது.

ஐ.பி.எம். கம்பெனியில் 1960-களில் மிகப் பெரிய சாப்ட்வேர் வேலையை நடத்தியவர் பிரெட் புரூக்ஸ். தாமதமான வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் தமது புத்தகத்தில் எழுதினார். சாப்ட்வேரில் உண்மையான கஷ்டம் எழுதுவதில் இல்லை, என்ன வேண்டும் என்று தீர்மானிப்பதில் இருக்கிறது என்று 1986-ல் விளக்கினார்.

வேகம் போலத் தோன்றும்!

இந்த எந்திரங்கள் வேலையை எவ்வளவு வேகப்படுத்துகின்றன?

அமெரிக்காவில் "மெட்ர்" என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2025-ம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தியது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களுக்கு நன்கு பழக்கமான பெரிய புரோகிராம்களில் 246 வேலைகள். சில வேலைகளுக்கு ஏ.ஐ. உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

ஏ.ஐ.யால் நேரம் 24 சதவீதம் குறையும் என்று அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். வேலை முடிந்த பிறகு கேட்டபோது, 20 சதவீதம் குறைந்தது என்றார்கள்.

கடிகாரம் சொன்னது வேறு. 19 சதவீதம் நேரம் கூடியிருந்தது!

அது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து நடந்த சோதனை. பிறகு கருவிகள் வளர்ந்திருக்கின்றன. ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்திரமே வேண்டாம் என்பது சரியல்ல. ஆனால் ஒரு பாடம் நிலையானது. வேலை செய்கிறவர்களே தங்கள் வேகத்தைத் தப்பாக மதிப்பிட்டார்கள் என்றால், தூரத்தில் இருந்து பார்க்கும் அதிபர் எப்படிச் சரியாக மதிப்பிடுவார்?

45 நிமிடத்தில் 44 கோடி டாலர்

புரோகிராமில் சிறு கவனக்குறைவு எவ்வளவு பெரிய நஷ்டம் தரும்? ஏ.ஐ. வருவதற்கு முன்பே நடந்த கதை இது.

அமெரிக்காவில் "நைட் காபிடல்" என்ற பங்கு வியாபாரக் கம்பெனி இருந்தது. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதிக்காகப் புதிய புரோகிராமை எட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏற்றினார்கள். ஒன்றில் மட்டும் விட்டுப்போயிற்று.

அந்தக் கம்ப்யூட்டரில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய புரோகிராம் ஒன்று இருந்தது. காலையில் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது! கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது.

சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் நஷ்டம். வெளியார் பணம் போட்டுக் கம்பெனியைக் காப்பாற்றினார்கள். மறு ஆண்டே அது வேறொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது.

ஒரு புரோகிராமில் எது எங்கே இருக்கிறது, எது ஏன் இருக்கிறது என்று அறிந்த ஆட்கள் வேண்டும். டென்மார்க் அறிஞர் பீட்டர் நவுர் 1985-ம் ஆண்டில் இதைத்தான் சொன்னார். புரோகிராம் காகிதத்தில் மட்டும் இல்லை; எழுதியவர்களின் மனதில் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால், வரிகள் இருக்கும், விளக்கம் இருக்காது.

இளைஞர்களை நிறுத்தினால்...

சில அதிபர்கள் இன்னொரு யோசனை செய்கிறார்கள். அனுபவசாலிகளை வைத்துக்கொள்வோம், புதிதாகப் படித்து வரும் இளைஞர்களை எடுக்க வேண்டாம், அவர்கள் வேலையை எந்திரம் செய்யட்டும் என்கிறார்கள்.

"அமேசான்" கம்பெனியின் கம்ப்யூட்டர் சேவைப் பிரிவின் தலைவர் மாட் கார்மன், 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். தாம் கேட்டதிலேயே மிகவும் முட்டாள்தனமான யோசனைகளில் ஒன்று என்றார். இன்று இளைஞர்களை எடுக்காவிட்டால், பத்து ஆண்டு கழித்து அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள் என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்விதானே? சித்தாளாக நின்று பழகாமல் யாரும் மேஸ்திரி ஆவதில்லை!

பெற்றோர் கவனிக்க

சென்னையிலும் கோவையிலும் இந்தத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். கடன் வாங்கி மகனையும் மகளையும் என்ஜினீயரிங் படிக்கவைத்த பெற்றோரும் உண்டு. "எல்லாம் எந்திரமே செய்துவிடுமாம், நம் பிள்ளையின் கதி என்ன?" என்று அவர்கள் கலங்குவது இயற்கை.

எந்திரம் பொய் அல்ல. சிறிய புரோகிராம்களை அது நொடியில் எழுதுகிறது. பழைய புரோகிராமைப் படித்து விளக்குகிறது. சோதனைகள் எழுதித் தருகிறது. சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்க மட்டும் தெரிந்தவருக்கு இனிச் சிரமம்தான்.

ஆகவே பிள்ளைகள் இரண்டையும் பழக வேண்டும். எந்திரத்திடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும். அது தந்ததைச் சோதித்து, "இது தப்பு" என்று சொல்லவும் தெரிய வேண்டும். அதற்கு அடிப்படைப் படிப்பு அவசியம். புரோகிராமைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு பேசி அவர்கள் தேவையைப் புரிந்துகொள்ளும் பழக்கமும் அவசியம்.

அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆள் குறைப்புக் கணக்குப் போடும் முன்பு, தங்கள் புரோகிராமர்களோடு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கட்டும். எழுதும் நேரம் எவ்வளவு, யோசிக்கும் நேரம் எவ்வளவு என்று அப்போது தெரியும்.

லெம்கினின் கதையை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தகவல்களை அழித்தது எந்திரம். மீட்க முடியாது என்று கைவிரித்ததும் எந்திரம். அதன் பேச்சை அப்படியே நம்பாமல் மனிதர் ஒருவர் முயன்று பார்த்ததால்தான் போனது திரும்பி வந்தது!