வேலைக்கென்று ஒரு வாசல்

தர்மபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில் பரிசல் முடைகிறவர்களுக்குக் கட்டடம் எதுவும் தேவைப்பட்டதில்லை. ஆற்றோரத்து மரநிழல் போதும். மூங்கிலைப் பிளந்து, சீவி, தரையில் பரப்பிப் பின்னி, விளிம்பை வளைத்துக் கட்டினால் ஏழடி அகலப் பரிசல் ஒன்று ஒரு நாளுக்குள் உருவாகிவிடும். அடிப்பக்கத்துக்கு முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். நீள மூங்கிலைத் தடையின்றித் திருப்ப வேண்டும், வட்டத்தைச் சுற்றி ஆள் நகர வேண்டும், முடிந்ததைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போக வேண்டும். இந்த மூன்றும் கூடிவந்த இடமே அவர்களுடைய பட்டறை.

வீட்டுத் தோட்டத்தில் எழுதவோ வரையவோ பாடவோ தனி அறை கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள். கூரை ஓடா தகரமா, தரைக்கு என்ன டைல்ஸ் என்பதில் பேச்சு ஆரம்பிக்கிறது. அந்த அறைக்குள் கை என்ன செய்யப் போகிறது என்ற கேள்வி கிரகப்பிரவேசத்துக்குப் பிறகுதான் வருகிறது. ஓவியர் தன் படத்தை எட்டடியாவது பின்வாங்கி நின்று பார்க்க வேண்டும். எழுதுகிறவருக்கு அந்த எட்டடி வேண்டாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. மிருதங்கம் வாசிக்கிறவருக்குத் தோலை ஈரத்திலிருந்து காப்பதே முதல் கவலை. வேலை மாறினால் அறையே மாறிவிடும்.

வாழும் இடத்திலேயே கலைக்கும் இடம் ஒதுக்கித் திட்டமிட்ட பெரிய முயற்சி தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமம் அது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்த் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டு கவலைப்பட்டவர். அவரும் இளம் கலைஞர்களும் சேர்ந்து பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரை ஓரமாக ஏறத்தாழ பத்து ஏக்கர் வாங்கி, வீடும் பட்டறையுமாகக் கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் செங்கல்லை எண்ணும் முன்பே நாளை எண்ணியவர்கள் என்பதே என் மதிப்பில் இதன் பெரிய பாடம். வயிற்றுக்கு எந்த வேலை, கலைக்கு எந்த நேரம் என்பது தெளிவான பிறகே நிலம் வந்தது. தனி அறை கட்டியும் அதில் உட்கார நேரமில்லாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இங்கிலாந்தில் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா தன் தோட்டத்தில் வைத்திருந்த எழுத்துக் குடிசை ஏறத்தாழ 64 சதுர அடிதான். வெயிலைத் தேடித் திருப்பிக்கொள்ளும்படி அதைச் சுழலும் அடித்தளத்தின் மேல் அமைத்திருந்தார்கள். நமக்கோ வெயிலுக்கு ஒதுங்க வேண்டும். திட்டத்தின் கடினமான பகுதி அதுதான்.

ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். அங்கே வடக்கிலிருந்து நேர்வெயில் வருவது அரிது. ஒகேனக்கல் 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சித்திரை இரண்டாம் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நண்பகலில் அது தலைக்கு மேலே ஏறத்தாழ செங்குத்தாக இருப்பதால் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு போதும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அதற்கு ஜன்னலின் இரு பக்கமும் ஓரடிச் சுவரை வெளியே நீட்ட வேண்டும், அல்லது மரம் வேண்டும். மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல் நிழல் விழாத, நிறம் மாறாத வெளிச்சம் தரும். மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம். புத்தக அலமாரியையும் சாமான் அடுக்கையும் அந்தச் சுவரோடு சேர்த்துவிட்டால் பிற்பகல் சூடு உள்ளே வரத் தாமதமாகும்.

கூரையைப் பற்றிப் பேசினால் குரங்கைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒகேனக்கல்லில் வெறும் ஓட்டுக்கூரை போட்டால் குரங்குகள் ஓட்டைப் புரட்டிப் போட்டுவிடும். மழை வரும்போதுதான் தெரியவரும். தகரத்தின் மேல் அவை குதித்தால் உள்ளே ஒரு வரி எழுத முடியாது. இதற்குப் பொருத்தமானது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளைப் பதித்து வார்ப்பார்கள். கான்கிரீட் குறையும், தளத்தின் கனமும் சூடும் குறையும், குரங்குக்கும் அசையாது. சுவருக்கும் அவர் ஒரு வழி காட்டினார். செங்கல்லைக் கிடையாக வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘ரேட் டிராப்’ முறை அது. கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று சூட்டைத் தாமதப்படுத்தும்.

மண்ணை விரும்புகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்தின் நாகர்கூடலில் கட்டடக் கலைஞர் மீனாட்சி உமேஷ் நடத்தும் புவிதம் பள்ளியில் மண் கட்டடங்களைப் பார்க்கலாம். செம்மண்ணோடு ஏறத்தாழ 5 சதவீதம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய கற்களை ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. மண்ணோ செங்கல்லோ, ஆற்றுக்கு அருகில் அடித்தளத்தை இரண்டடியாவது உயர்த்த வேண்டும். தூணுக்கு மரம் வேண்டாம். தர்மபுரிக் காடுகழனிகளில் வேலிக்கு நடும் கல்தூண்களே போதும். கரையான் அவற்றை ஒன்றும் செய்யாது. உள்பூச்சு சுண்ணாம்பாக இருந்தால் சுவர் ஈரத்தை வெளியே விடும், காகிதத்தில் பூசணம் பிடிப்பது குறையும்.

ஒகேனக்கல் அருவியின் ஓசை எழுதுகிறவருக்குத் துணை. ஒரே சீராக இருப்பதால் தெருச் சத்தத்தையும் வீட்டு மிக்ஸியையும் அது மூடிவிடுகிறது. பாட்டைப் பதிவு செய்கிறவருக்கு அதே ஓசை தொல்லை. 2018இலும் 2024இலும் காவிரியில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்தது போன்ற நாள்களில் அருவிக்குப் பக்கத்தில் எந்தச் சாதாரணச் சுவரும் அந்த முழக்கத்தைத் தடுக்காது. பதிவறை வேண்டுமென்றால் ஆற்றிலிருந்து தள்ளி, பென்னாகரம் பக்கம் மனை பார்ப்பதே நல்லது.

தோட்டத்தில் என்ன நடுவது என்பதையும் இங்கே காடு தீர்மானிக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. யானைகள் நடமாடும் நிலம் அது. அறைக்கு நிழலென்று பலாவையோ வாழையையோ வைப்பது யானைக்கு விருந்து வைப்பதாகும். மேற்கே புங்கனும் வேம்பும் வைக்கலாம். புங்கன் கோடைக்கு முன் இலை உதிர்த்து, வெயில் ஏறும்போது தளிர்த்துவிடும். வேர் அடித்தளத்தைத் தொடாதபடி பதினைந்து அடியாவது தள்ளி நட வேண்டும். காட்டு எல்லையை ஒட்டிய மனை என்றால் வனத்துறையிடம் கேட்காமல் வானம் தோண்டக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படி ஓர் அறை கட்டினால் அது யாருக்கு? பெரும்பாலான வீடுகளில் கேட்காமலேயே ஆணுக்குப் போய்விடுகிறது. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதும் பெண்ணுக்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அவரே தன் தோட்டத்து அறையில் எழுதியவர். இதே மாவட்டத்தின் சிட்லிங் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் மறைந்துகொண்டிருந்த தங்கள் பூத்தையலை மீட்டு வருமானமாக்கியிருக்கிறார்கள். தைக்கிற பெண்ணுக்கும் நல்ல வெளிச்சமும் முதுகு சாய்க்க இடமும் பாதியில் வைத்த வேலையை மறுநாள் அப்படியே எடுக்கும் மேசையும் வேண்டும். சமையலறை மேடையில் அது நடக்காது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் எல்லாவற்றையும் சுருட்டி எடுக்க வேண்டியிருக்கும். அறை வீட்டிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில், ஆனால் தனி வாசலோடு இருக்கட்டும். வாசல் வீட்டைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்க்கட்டும்.

கட்டும் முன் சுண்ணாம்புத் தூளால் தரையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோடு போட்டு, நான்கு கம்பு நட்டு, தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அதற்குள் மேசையைப் போட்டு வேலையைத் தொடங்கிவிடலாம். சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் அந்த இடத்தில் என்ன செய்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டால் ஜன்னலும் வாசலும் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. புது வீடே கட்டுகிறவர்கள் வரைபடத்திலேயே இந்த அறையையும் சேர்த்துக் காட்டிவிட வேண்டும். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. தோட்டத்து அறையின் பரப்பும் அந்தக் கணக்குக்குள் வரும்படி முதலிலேயே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.