படுக்கையறையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம்

தமிழ் இசைச் சங்கத்தை 1943-ல் தோற்றுவித்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய சென்னைப் பேட்டை ராஜா அண்ணாமலைபுரம். கிரீன்வேஸ் சாலைப் பக்கம், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய பழைய மாளிகையில் அரசு இசைக் கல்லூரி நெடுங்காலமாக இயங்கி வருகிறது. 1949-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இன்று அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பாடுகிற, வாசிக்கிற வீடுகள் நிறைய இருப்பதில் வியப்பில்லை. அந்த வீடுகளுக்குள் பாட்டைப் பதிவு செய்யும் முறைதான் தலைகீழாக மாறியிருக்கிறது.

அறுபதுகளில் வீட்டில் ஒலிப்பதிவு என்றால் ஸ்பூல் டேப். கிரண்டிக், அகாய், சோனி என்று வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. தெருவுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா இருக்கும். வினாடிக்கு ஏழரை அங்குலம் என்ற நல்ல வேகத்தில் ஓடவிட்டால் 32 நிமிடம்தான் வரும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும், ஆனால் ஒலியின் கூர்மை போய் இரைச்சல் ஏறும். ஆலாபனை எவ்வளவு நேரம் போகும், தனி ஆவர்த்தனத்துக்கு முன் சுருளை மாற்றிவிடலாமா என்று ராகத்தோடு நாடாவையும் கணக்குப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள் அந்த ரசிகர்கள். வெட்டி ஒட்ட வேண்டுமானால் பிளேடும் ஒட்டுநாடாவும்தான். அவர்கள் பொறுமையாகச் சேர்த்து வைத்த சுருள்கள் இல்லையென்றால் பல வித்வான்களின் கச்சேரிகளில் ஒரு கீர்த்தனைகூட நமக்கு மிஞ்சியிருக்காது.

வெளியிடுவதற்கான பதிவு என்பது வேறு உலகம். 78 சுழற்சி வேக இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடிந்தாக வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஏவி.எம்., விஜயா கார்டன், பிரசாத் என்று வடபழனிப் பக்கம் போக வேண்டும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருப்பார்கள். கடைசி அடியில் ஒரு வயலின் பிசகினாலும் பாட்டு மறுபடி முதலிலிருந்து.

எழுபதுகளின் பிற்பகுதியில் கேசட் வந்ததும் குருவின் பாடத்தைச் சிஷ்யர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது. 1979-ல் வெளிவந்த போர்ட்டாஸ்டூடியோ என்ற கருவி, சாதாரண கேசட்டிலேயே நான்கு ட்ராக்குகளைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வழி செய்தது. நம் ஊரில் அதை வாங்க முடிந்தவர்கள் குறைவு. இங்கே கதவைத் திறந்தது 1989. அந்த ஆண்டு ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தை அமைத்தார். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, ஒரு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து நாடு முழுவதும் கேட்கும் பாட்டைச் செய்யலாம் என்பது கண்ணெதிரே தெரிந்தது. பெரிய முதலீடும் தேர்ந்த ஒலிப்பொறியாளரும் தேவைப்பட்ட கூடம்தான் அது. ஆனாலும் ஒரு தலைமுறைக்கு அது கொடுத்த துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று அதே வேலைக்கு வேண்டியவை ஒரு மேஜையில் அடங்கிவிடும். ஒரு மடிக்கணினி, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஸ்டாண்டு, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். கன்டென்ஸர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தையும் இன்டர்ஃபேஸே கொடுத்துவிடுகிறது. மென்பொருளில் 2000-ல் வெளியான ஆடாசிட்டி இன்றும் இலவசம். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கிறது. ரீப்பரைக் குறைந்த விலையில் வாங்கலாம். கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் எல்லாம் அதற்கு மேல். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒற்றை மைக்கில் பாடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 எம்.பி. ஆகும். நகமளவு மெமரி கார்டு ஒன்றில் 60 மணி நேரம் கொள்ளும். நாடா தீர்ந்துபோகும் என்ற கவலை அடியோடு போய்விட்டது.

போகாத கவலை ஒன்றுதான்: சத்தம். உண்மையில் அது பல மடங்கு கூடியிருக்கிறது. அன்று இங்கே தோட்டம் சூழ்ந்த தனி வீடுகள் இருந்தன. அவை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள். 2004 முதல் பறக்கும் ரயில் கிரீன்வேஸ் ரோடு நிலையத்தின் வழியாக ஓடுகிறது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை மந்தைவெளியையும் கிரீன்வேஸ் சாலையையும் தோண்டிப்போட்டது. இதோடு பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, விடியற்காலைக் காகம். மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு செய்ய முடியும், நிறுத்தினால் சென்னை வெயிலில் இரண்டு டேக்குக்குள் பாடுகிறவர் தொப்பலாக நனைந்துவிடுவார். அதனால் ராத்திரி பதினொரு மணிக்குமேல்தான் பலர் மைக்கைத் திறக்கிறார்கள். அன்று கருவிக்காகக் காத்திருந்தவர்கள் இன்று அமைதிக்காகக் காத்திருக்கிறார்கள்.

இதனால்தான் கடைக்காரர் ‘ஸ்டூடியோ மைக்’ என்று நீட்டும் கன்டென்ஸரை எல்லோரும் வாங்க வேண்டியதில்லை என்கிறேன். அது தெருவையும் சேர்த்துக் கேட்கும். சாலையைப் பார்த்த அறையில், வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக் நன்றாக வேலை செய்யும். 1966-ல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதில் பெரிய பயனில்லை. இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுபவரின் பின்னால் நிறுத்தி, மொசைக் தரையில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் எதிரொலி கணிசமாகக் குறையும். மிருதங்கம் வாசிக்கிற அறையில் இரும்பு பீரோ கூடாது, தொப்பி ஒலிக்கு அதன் கதவு சேர்ந்து அதிரும். உம்மென்ற ஓசை விடாமல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்று படும் பகுதி என்பதால் மைக்கைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைப்பது நல்லது.

சத்தத்தைப் பிறகு மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் வீணையின் கமகம் தேய்ந்து அடங்குகிற அந்தக் கடைசி இழையையும் இரைச்சல் என்று எண்ணி அது அரித்துவிடும். சுருதி திருத்தும் மென்பொருளிலும் இதே ஆபத்து. 1997-ல் ஆட்டோட்யூன் வந்ததிலிருந்து சினிமாவுக்கு அது கைகொடுத்திருக்கலாம். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைகிற ஸ்வரம், அதைப் பிடித்து நிறுத்தினால் தோடி அங்கே இல்லை.

இழந்தது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 ஊரடங்கில் பாடகர் ஒரு வீட்டிலும், வயலின் ஒரு வீட்டிலும், மிருதங்கம் இன்னொரு வீட்டிலுமாகப் பதிவு செய்து, கோப்புகளை அனுப்பி ஒட்டினார்கள். அந்த நாட்களில் இசையை உயிரோடு வைத்திருந்தது அந்த ஏற்பாடுதான். ஊரடங்கு முடிந்த பிறகும் வசதி கருதிப் பலர் அதைத் தொடர்கிறார்கள். ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் ‘கிளிக்’ ஒலியைக் கேட்டு வாசிக்கும்போது காலப்பிரமாணம் தவறாது. ஆனால் பாடுகிறவர் ஒரு சங்கதியை எதிர்பாராமல் நீட்டும்போது மிருதங்கக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் கையை அடக்குவாரே, அது கிளிக்கில் வராது. ஸ்பூல் நாடாவில் இரைச்சலுக்கு நடுவே அது இருக்கிறது. முடிந்தவரை ஒரே அறையில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன், இரண்டு மைக் போதும்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். எந்த மைக் நல்லது என்று தேடுவதற்கு முன், நீங்கள் பாடப்போகும் அறையில் யாரும் பேசாமல் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். மதியம் ஒன்று, இரவு ஒன்று. அதில் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று எழுதி, குறைக்க முடிந்ததைக் குறையுங்கள். அதன்பிறகு கடைக்குப் போங்கள்.