தோற்கும் அணியும் அதன் ஆதரவாளரும்

வெல்லும் அணிக்கு ஆதரவாளர் பெருகுவது இயல்பு. அதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. ஆனால், அடிக்கடி தோற்கும் அணியை விட்டு அகலாது, மழையிலும் திடலுக்குச் சென்று, முகம் வாடித் திரும்பி, அடுத்த வாரம் மறுபடியும் செல்வாரும் உளர். ஆண்டின் தொடக்கத்தில் அவர்களிடம், ‘உங்கள் அணி இம்முறை கிண்ணத்தை வெல்லுமா?’ என்று கேட்டால் நகைப்பர். ‘கீழே இறங்காமல் இருந்தால் போதும்’ என்பதே அவர்கள் தரும் விடை. இந்தப் ‘போதும்’ என்னும் சொல்லில் அடங்கியிருப்பது அறிவா, அச்சமா, அன்றி அன்பா? பெட்டாலிங் ஜெயாவில் நான்கு ஆண்டுகள் நாட்டின் முதல்நிலைக் காற்பந்துப் போட்டியில் ஆடிப் பின்னர் விலகிய ஒரு கழகத்தின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் துணை செய்யும்.

ஏற்றமும் இறக்கமும்

காற்பந்து லீக் போட்டிகளில் அணிகள் படிப்படியாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு படியில் முதலிடங்களைப் பெறும் அணிகள் மேற்படிக்கு உயரும். கடைசி இடங்களில் நிற்பவை கீழ்ப்படிக்கு இறங்கும். மலேசியாவில் 2004ஆம் ஆண்டு முதல் சூப்பர் லீக் முதற்படியாகவும், பிரிமியர் லீக் இரண்டாம் படியாகவும், எஃப்.ஏ.எம். லீக் அவற்றின் கீழும் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மூன்றாம் படியின் அமைப்பு மாறிற்று; 2023ஆம் ஆண்டில் பிரிமியர் லீக்கே நிறுத்தப்பட்டது.

இந்த முறையின் சிறப்பு யாதெனில், ஒரே பட்டியலுக்குள் இரு போட்டிகள் நிகழ்வதாம். மேலே இருப்போர் கிண்ணத்துக்காகப் போராடுவர். கீழே இருப்போர் நிலைபெறுவதற்காகப் போராடுவர். 2014 முதல் 2022 வரை ஒன்பது ஆண்டுகள் இடையறாது சூப்பர் லீக் பட்டத்தை வென்றது ஜொகூர் டாருல் தாக்சிம் அணி. அவ்வாறிருக்க, ஏனைய பதினோர் அணிகளின் ஆதரவாளரும் ஆண்டுதோறும் பட்டத்தையே எதிர்பார்த்திருந்தால், ஒன்பது ஆண்டுகளும் அவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியிருக்கும். ஆதலின் அவர்கள் தம் மகிழ்ச்சிக்கு வேறோர் எல்லையை வகுத்துக்கொண்டனர். இஃது அறிவுடையார் செயலேயன்றி இழிவன்று.

மனம் கொள்ளும் அளவுகோல்

மனிதன் தான் பெற்றதை அதன் அளவு கொண்டு மட்டும் மதிப்பதில்லை. தான் நின்ற இடத்திலிருந்து அது எவ்வளவு ஏறிற்று, எவ்வளவு இறங்கிற்று என்று பார்த்தே மதிக்கிறான். இதனை டேனியல் கானமன், ஏமோஸ் துவர்ஸ்கி என்னும் இரு உளவியலறிஞர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். ஒரே அளவான பேற்றினும் இழப்பே மனத்தை மிகுதியாக வருத்தும் என்பதும் அவர்கள் கண்ட உண்மையாகும்.

இதனைத் திடலிலே எளிதிற் காணலாம். இரு அணிகள் ஒவ்வொரு கோல் அடித்துச் சமநிலையில் ஆட்டத்தை முடிக்கின்றன. இரண்டிற்கும் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. ஆயினும் பட்டம் வெல்ல வந்த அணியின் ஆதரவாளர் தலை குனிந்து செல்வர். இறங்காமல் நிற்க முயலும் அணியின் ஆதரவாளர் ஆரவாரித்துச் செல்வர். புள்ளி ஒன்றே, அளக்கும் கோல்தான் வேறு.

மற்றொரு கூறும் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவர்தம் குழுவினரும் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல்கலைக்கழக அணி வென்றபின் வரும் திங்கட்கிழமைகளில் மாணவர் பலர் அப்பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடைகளை அணிந்து வந்தனர். வெற்றியைக் குறிப்பிடுகையில் ‘நாம் வென்றோம்’ என்றும், தோல்வியைக் குறிப்பிடுகையில் ‘அவர்கள் தோற்றனர்’ என்றும் கூறும் போக்கும் காணப்பட்டது. தன்மைப் பன்மை படர்க்கைப் பன்மையாக மாறும் அந்த நொடியிலே ஆதரவு மெல்ல விலகுகிறது. இலக்கணம் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை ஓர் எடுத்துக்காட்டாகவே மாணவருக்குக் கூறலாம். தோற்கும் அணியின் உண்மை ஆதரவாளர் யார் எனின், தோல்வியிலும் ‘நாம் தோற்றோம்’ என்று தன்மையிலேயே பேசுவோர் ஆவர். அவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக் கொள்வதே அந்த ‘நாம்’ என்னும் சொல்லைக் காத்துக்கொள்வதற்காகத்தான்.

தோட்டத் திடலிலிருந்து

மலேசியத் தமிழருக்கும் காற்பந்துக்கும் உள்ள உறவு நெடுங்காலத்தது. கோவிலும் பள்ளியும் போலவே திடலும் தோட்டத்து வாழ்வின் ஒரு கூறாயிருந்தது. பால்மரத் தொழிலாளரின் பிள்ளைகள் மாலைவேளைகளில் அங்கே கூடினர். பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் நிலத்திலே எழுந்ததாகும். கோலாலம்பூரின் நெருக்கடியைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட அத்துணைநகர் 2006ஆம் ஆண்டில் மாநகர்த் தகுதி பெற்றது.

அத்தகைய சூழலிலிருந்து நாட்டின் அணிக்கு வீரர் சென்றனர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இடம் பெற்றிருந்தார். கிள்ளான் வட்டாரம் தந்த இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகம், 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்ற காலத்தில் கோல் கம்பங்களின் நடுவே அரணாக நின்றவர். அரசியல் காரணத்தால் மலேசியா அப்போட்டிக்குச் செல்லவில்லை. 2010ஆம் ஆண்டில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது பயிற்றுநராய் இருந்தவர் கே. ராஜகோபால். இவ்வரலாற்றை அறிந்த தலைமுறையினர்க்கு இந்திய இளைஞர்கள் நாட்டின் அணியில் ஆடுவது கனவன்று; கண்ணாற் கண்டது. ஆதலின், அத்தகைய பெயர்கள் அணிப் பட்டியலில் அருகிய பிற்காலத்தில், இளைஞர்க்கு மீண்டும் ஒரு வாயில் வேண்டும் என்னும் ஏக்கம் எழுந்தது இயல்பே.

அவ்வேக்கத்திற்கு உருவம் தந்தது மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் இணைந்த எம்.ஐ.எஸ்.சி.–மிஃபா என்னும் அணி. 2016ஆம் ஆண்டில் அது மூன்றாம் படியாகிய எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. 2017ஆம் ஆண்டில் பிரிமியர் லீக்கிற்கு உயர்ந்தது. 2019ஆம் ஆண்டில், பெட்டாலிங் ஜெயா சிட்டி காற்பந்துக் கழகம் என்னும் புதுப் பெயருடன் சூப்பர் லீக்கில் அடியெடுத்து வைத்தது. மூன்றாண்டுகளுக்குள் மூன்றாம் படியிலிருந்து முதற்படி ஏறுதல் எளிய செயலன்று.

நான்கு ஆண்டுகள்

ஏறியபின் நிற்பதோ அதனினும் அரிது. கெலானா ஜெயாவில் உள்ள பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற அரங்கம் ஏறத்தாழ 25,000 பேரைக் கொள்ளவல்லது. அதே வட்டாரத்தில் சிலாங்கூர் என்னும் பழம்பெரும் அணி உண்டு. பல தலைமுறைகளாக அதனைத் தம் அணியெனக் கொண்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கின. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். புதிதாக வந்த கழகத்துக்கு அத்தகைய கூட்டம் ஒரு நாளில் அமைந்துவிடாது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியமையால் போட்டி ஒரு சுற்றோடு சுருக்கப்பட்டது, அரங்குகளும் வெறுமையுற்றன. வேர் பிடிக்க வேண்டிய காலத்தில் மண் காய்ந்தது போலாயிற்று.

2022ஆம் ஆண்டில் பிற அணிகள் வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்க, பி. மணியம் பயிற்றுவித்த இக்கழகம் உள்நாட்டு வீரர்களை மட்டுமே கொண்டு ஆடியது. அத்தகைய அணி பட்டம் வெல்லும் என்று எதிர்பார்ப்பார் யார்? ஆயினும் உள்நாட்டு இளைஞர் பதினொருவர், பொருள்வளம் மிக்க அணிகளை எதிர்த்து நிற்பதைக் காண்பதில் ஆதரவாளர்க்குத் தனியின்பம் இருந்தது. பெரிய அணியிடம் பெற்ற ஒரு சமநிலை அவர்களுக்கு ஒரு கிண்ணம் போன்றது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அக்கழகம் கீழே இறங்கவில்லை. அவர்கள் ‘போதும்’ என்று வைத்த எல்லையை அணி ஆண்டுதோறும் எட்டிற்று.

ஆனால் 2022ஆம் ஆண்டுப் போட்டிகள் முடிந்தபின் கழகம் லீக்கிலிருந்து தானே விலகிக்கொண்டது. திடலில் தோற்று இறங்கவில்லை. திடலுக்கு வெளியே எடுத்த முடிவினால் மறைந்தது. எதிர்பார்ப்பை எவ்வளவு தாழ்த்திக்கொண்டாலும், ‘அடுத்த ஆண்டும் அணி இருக்கும்’ என்பது அதனுள் பேசாது அடங்கியிருக்கும் ஒன்று. அதுவே பொய்த்தது.

மூவகைத் தாழ்வு

இனி, எதிர்பார்ப்பைத் தாழ்த்துதல் என்பது ஒரே தன்மையதன்று, அது மூவகைப்படும்.

முதலாவது, வலிமை அறிந்து தாழ்த்துதல். திருவள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். தன் வலியையும் மாற்றான் வலியையும் சீர்தூக்கிச் செயலில் இறங்குவோன் கெடுவதில்லை. ‘இவ்வாண்டு நிலைபெறுவோம், அடுத்த ஆண்டு இளைஞர் முதிர்வர், அதன்பின் மேலே நோக்குவோம்’ என்பது இவ்வகை.

இரண்டாவது, துன்பத்திற்கு அஞ்சித் தாழ்த்துதல். உள்ளத்தில் பெருவிருப்பம் இருக்கும்; வாயோ ‘தோற்றுவிடுவோம்’ என்று முன்னரே கூறிவிடும். தோற்றால் வருத்தம் குறையும், வென்றால் மகிழ்ச்சி இரட்டிக்கும் என்னும் கணக்கு அது. தேர்வு முடிவு வரும் நாளில், நன்றாய் எழுதிய மாணவனே ‘எனக்குத் தேறாது’ என்று சொல்லித் திரிவதை ஆசிரியர் அறிவர். தீங்கற்ற ஒரு தற்காப்பு எனலாம்.

மூன்றாவது, கைவிட்டுத் தாழ்த்துதல். ‘நம்மவர் என்றால் இவ்வளவுதான்’ என்னும் முடிவு அது. முன்னிரண்டும் அணியின் இன்றைய நிலையைப் பற்றியவை. இதுவோ மக்களின் தகுதியையே பற்றியது. திடலில் தொடங்கும் இவ்வெண்ணம் திடலோடு நிற்பதில்லை. வகுப்பறைக்கும் தொழிலுக்கும் பரவும். படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர், எளிய விலங்கை வீழ்த்திய கருவியினும், பெரியதை நோக்கி எறிந்து குறி தவறிய கருவியை ஏந்துதலே இனிது எனக் கருதுவது இம்மூன்றாம் வகைக்கு மருந்தாகும்.

வலியறிதலும் படைச்செருக்கும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் மறுப்பன அல்ல. முன்னது செயலின் அளவைப் பற்றியது. பின்னது நோக்கின் உயரத்தைப் பற்றியது. செயலை அளந்து, நோக்கை உயர வைத்தல் கூடும்.

புரி நகரம் காட்டும் உண்மை

இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டில் தோன்றிய புரி காற்பந்துக் கழகம் 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டின் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. பின்னர் நெடுங்காலம் கீழ்ப்படிகளிலேயே ஆடிற்று. அதன் ஆதரவாளர் கிண்ணத்தை மறந்தனர், திடலை மறக்கவில்லை. 2019ஆம் ஆண்டு அவ்வணி நான்காம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு உயரும் தகுதி பெற்றது. மகிழ்ச்சி சில மாதங்களே நீடித்தது. கழகத்தின் பொருள்நிலை சீராக உள்ளதென மெய்ப்பிக்க இயலாமையால், அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆட்டத்தில் வென்ற அணி, கணக்கேட்டில் தோற்றது.

தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018–19 பருவத்தில் இந்தியாவின் ஐ–லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி கழகம், சில ஆண்டுகளுக்குள் அப்போட்டியிலேயே இல்லாமற் போயிற்று.

மறுபுறம், விம்பிள்டன் கழகத்தை வேறு நகருக்கு மாற்ற 2002ஆம் ஆண்டில் இசைவு தரப்பட்டபோது, அதன் ஆதரவாளர் தாமே ஒரு கழகத்தைத் தொடங்கினர். ஒன்பதாம் படியில் தொடங்கிய அந்த அணி, 2011ஆம் ஆண்டில் நான்காம் படியாகிய லீக் போட்டியை எட்டிற்று. புரி நகர மக்களும் கீழ்ப்படியில் புதிதாகத் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் கிக் லேன் என்னும் தம் பழைய திடலுக்கே மீண்டனர். இவர்கள் ஆட்டத்தைப் பற்றிய எதிர்பார்ப்பை அடிமட்டத்திற்கு இறக்கினர். கழகம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் இறக்கவில்லை.

எதைத் தாழ்த்தலாம்?

இவற்றால் பெறப்படும் முடிவு தெளிவானது. கிண்ணத்தைப் பற்றிய எதிர்பார்ப்பைத் தாழ்த்தலாம். அது வலியறிந்து செய்வது. பட்டியலில் பெறும் இடத்தைப் பற்றியும் தாழ்த்தலாம். ஆனால், வீரர்க்குரிய ஊதியம் காலத்தில் வழங்கப்படுதல், கணக்கு நேர்மையாய் இருத்தல், இளையோர்க்கு இடமளித்தல், கழகத்தின் வருங்காலத்தை ஆதரவாளர்க்கு உரைத்தல் ஆகிய நான்கையும் பற்றிய எதிர்பார்ப்பை ஒருநாளும் தாழ்த்தலாகாது. தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் ஆதரவாளர், அப்பொறுமையினாலேயே இந்நான்கையும் கேளாது விட்டுவிடும் இடர் உண்டு. ‘சிறிய கழகந்தானே’ என்னும் இரக்கம், கேட்க வேண்டிய வினாவை வாயடைத்துவிடுகிறது.

பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் செந்தூலிலும் மாலைதோறும் பந்து உதைக்கும் சிறுவர் இன்றும் உளர். தம்மைப் போன்ற பெயருடையோர் நாட்டின் முதற்படியில் ஆடியதை அவர்கள் நான்கு ஆண்டுகள் கண்டனர். அந்தப் படி இன்று இல்லையாயினும், அது இருந்தது என்னும் செய்தி இருக்கிறது. அதனைப் பிள்ளைகளுக்குக் கூறுவோர், ‘நம்மால் ஏற முடிந்தது’ என்று கூறுவதோடு, ‘ஏறியதை நிலைநிறுத்தும் வழியையும் இனிக் கற்க வேண்டும்’ என்பதையும் சேர்த்துக் கூறுவது நலம்.